ஆணி குத்திச்சு, டிடி போட்டாச்சு, போதுமா? வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

மழை விட்டதும் வழக்கமா டெங்கு, சேத்துப்புண்ணு பத்தி தான் கடிதம் வரும். இந்த தடவை என்னமோ பாதிக்கு மேல டிடி ஊசி, அதாவது டெட்டனஸ் தடுப்பூசி பத்தியே வந்திருக்கு, அதனால மத்த கேள்விய எல்லாம் ஓரமா வச்சுட்டு இந்த வாரம் அது மட்டும் தான். மூட்டு வலி, முடி கொட்டுறது எழுதினவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த வாரம் வர்றேன்.

ஐயா, வயசு 63, ரிட்டயர்டு. மொட்டை மாடில தண்ணி டேங்க் பக்கத்துல கெடந்த பழைய பலகைல இருந்த துருப்பிடிச்ச ஆணி, செருப்ப தாண்டி உள்ளங்கால்ல ஏறிடுச்சு. நாலு நாள் ஆகுது. மறுநாள் தெருமுனை கிளினிக்ல ஒரு டிடி போட்டாங்க. சின்ன வயசுல ஊசி போட்ட ஞாபகமே இல்ல. பையன் இது போதும்ங்கிறான், வீட்டம்மா பெரிய ஆஸ்பத்திரிக்கு போய் காட்டுங்கன்னு நச்சரிக்கிறாங்க. யார் சொல்றது சரி? (பெரம்பூர் வாசகர்)

வீட்டம்மா சொல்றது தான் சரி. இத படிச்சு முடிச்சதும் சட்டைய மாட்டிட்டு கிளம்புங்க சார்.

முதல்ல துரு. துருவுக்கும் டெட்டனஸுக்கும் சம்பந்தமே இல்ல, கடைல வாங்கின பளபள ஆணில மண்ணு ஒட்டியிருந்தாலும் அதே ஆபத்து தான். க்ளாஸ்ட்ரிடியம் டெட்டனிங்கிற கிருமி மண்ணுலயும், ரோட்டு தூசிலயும், மாட்டு சாணி குதிரை சாணிலயும் ஸ்போர்ங்கிற தூங்குற நிலைல வருஷக்கணக்கா அப்படியே கெடக்கும். காத்து போகாத இடம் கிடைச்சா தான் அது முழிச்சுக்கும். ஆணி குத்து அதுக்கு ரொம்ப வசதி, மேல கடுகளவு ஓட்டை, உள்ள ஆழம், ரெண்டு நாள்ல மேல் தோல் மூடிக்கும். நம்ம ஆளுங்க ரத்தம் கொட்டுற வெட்டுக்கு அலறுவாங்க, சொட்டு ரத்தம் வராத ஆணி குத்த கழுவிட்டு போயிடுவாங்க, டெட்டனஸ் கணக்குல இது தலைகீழ். கிருமி உள்ளேயே உக்காந்து ஒரு விஷத்த விடும், அது நரம்பு வழியா ஏறி தண்டுவடத்துக்கு போய், தசைய தளர விடுற சிக்னல அடைச்சுடும். அடக்க ஆள் இல்லாம தசை இறுகிக்கிட்டே போகும். ரணஜன்னின்னு பெரியவங்க சொல்றது இது தான்.

இப்போ உங்க விஷயம். டிடி ஊசி விஷமுறிவு மருந்து இல்ல, நிறைய பேர் அப்படி தான் நினைச்சுட்டு இருக்காங்க. அது உடம்புக்கு குடுக்குற ட்ரெயினிங். ஏற்கனவே மூணு டோஸாவது போட்டவருக்கு ஒரு பூஸ்டர், அதாவது பழைய பாடத்த ஞாபகப்படுத்துற டோஸ், போட்டா சில நாள்லயே எதிர்ப்பு சக்தி எகிறிடும். ஆனா வாழ்க்கைலயே முதல் டோஸ் இது தான்னா, உடம்பு பாடம் படிச்சு முடிக்க வாரக்கணக்கு ஆகும், ரெண்டாவது டோஸும் வேணும். டெட்டனஸ் பெரும்பாலும் காயம் பட்டு 3 நாள்லேருந்து 21 நாளுக்குள்ள வர்ற நோய், அதுக்குள்ள இந்த ஒரு ஊசிய நம்பி இருக்க முடியாது. நம்ம நாட்டுல தேசிய அளவுல தடுப்பூசி திட்டம் ஆரம்பிச்சதே 1978ல, அப்போ நீங்க பத்தாவது பரிட்சை எழுதிட்டு இருந்திருப்பீங்க. அதனால உங்களுக்கு ஊசி ஞாபகம் இல்லங்கிறது மறதி இல்ல, போடவே இல்லன்னு தான் நான் எடுத்துப்பேன்.

போடாதவங்களுக்கு, இல்ல போட்டமான்னு தெரியாதவங்களுக்கு, அழுக்கு காயம் பட்டா டிடியோட சேர்த்து டெட்டனஸ் இம்யூனோகுளோபுலின் போடணும், டிஐஜின்னு சொல்வாங்க, போலீஸ் டிஐஜி இல்ல. அதுல ரெடிமேடா எதிர்ப்பு சக்தி இருக்கு, வழக்கமா 250 யூனிட், டிடி போட்ட எடத்துல இல்லாம வேற எடத்துல போடுவாங்க. நாலு நாள் ஆச்சேன்னு யோசிக்க வேண்டாம், இன்னும் போடலாம். கவர்மென்ட் ஆஸ்பத்திரி எமர்ஜென்சில போய் "ஆணி குத்து, நாலு நாள் ஆச்சு, இதுக்கு முன்னாடி ஊசி போட்டதா தெரியல"ன்னு இந்த மூணையும் சொல்லுங்க. குத்துன எடத்துக்குள்ள செருப்பு ரப்பர் துண்டு ஏதாவது மாட்டியிருக்கான்னும் பாக்க சொல்லுங்க. அப்புறம் நாலு வாரம் கழிச்சு ரெண்டாவது டிடி, அதுலேருந்து ஆறு மாசம் ஒரு வருஷத்துக்குள்ள மூணாவது. முக்கால்வாசி பேர் முதல் ஊசியோட காயம் ஆறிடுச்சுன்னு நிறுத்திடுறாங்க, அடுத்த தடவை ஆணி குத்தும்போது மறுபடியும் இதே கதை.

என் பையனுக்கு 6 வயசு, ஒண்ணாங்கிளாஸ். வாரத்துக்கு ஒரு தடவை ஸ்கூல்ல முட்டிய பேத்துக்கிட்டு வர்றான். டிடி ஆறு மாசம் தான் தாங்கும், போன தடவை போட்டு எட்டு மாசம் ஆச்சு, மறுபடியும் போடுன்னு அத்தை சொல்றாங்க. எல்லா தடுப்பூசியும் கரெக்டா போட்டிருக்கோம், அஞ்சு வயசு ஊசியும் போட்டாச்சு. (வேளச்சேரி வாசகி)

போட வேண்டாம்மா. முட்டிய சோப்பு தண்ணில கழுவி விடுங்க, போதும்.

இந்த ஆறு மாச கணக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல, ஆனா சென்னைல ஆட்டோ ஓட்டுறவர்லேருந்து ஐடி கம்பெனி மேனேஜர் வரைக்கும் அத்தன பேரும் நம்புறாங்க, சில கிளினிக்லயும் "கடைசியா எப்போ போட்டீங்க, ஆறு மாசம் ஆச்சா"ன்னு தான் கேக்குறாங்க. உங்க பையனுக்கு ஒன்றரை, ரெண்டரை, மூன்றரை மாசத்துல பென்டாவேலன்ட்ங்கிற அஞ்சு நோய்க்கான கூட்டு ஊசி போட்டிருப்பீங்க, அதுக்குள்ளயே டெட்டனஸ் ஊசி இருக்கு. அப்புறம் ஒன்றரை வயசுல ஒரு டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ் மூணுக்கும் சேர்த்து) பூஸ்டர், அஞ்சு வயசுல இன்னொண்ணு. ஆக மொத்தம் அஞ்சு டோஸ் ஏற்கனவே உள்ள இருக்கு. இனி 10 வயசுல ஒண்ணு, 16ல ஒண்ணு, அவ்வளவு தான். முழுசா போட்டவங்களுக்கு கணக்கு இது தான்: சுத்தமான சின்ன காயம்னா கடைசி டோஸ் போட்டு பத்து வருஷம் தாண்டியிருந்தா ஒரு பூஸ்டர், மண்ணு சாணி பட்ட காயமோ ஆழமான குத்தோ தீக்காயமோ இருந்தா அஞ்சு வருஷம் தாண்டியிருந்தா ஒரு பூஸ்டர். ஆறு மாசம்ங்கிற கணக்கு இதுல எங்கேயும் இல்ல.

"சும்மா போட்டா என்ன, நல்லது தானே"ன்னு அத்தை கேப்பாங்க. அடிக்கடி போட்டா ஏற்கனவே ரத்தத்துல இருக்குற எதிர்ப்பு சக்தி புது ஊசியோட மல்லுக்கட்டி கை முழுக்க வீங்கி சிவந்து ரெண்டு மூணு நாள் படுத்தும். உயிருக்கு ஒண்ணும் இல்ல, ஆனா தேவையில்லாத வேதனை. அத்தைகிட்ட சண்டை போடாதீங்க, தடுப்பூசி அட்டைய எடுத்து காட்டுங்க.

காசிமேட்டுல மீன் ஏலம் எடுக்குறோம். கெளுத்தி முள்ளு, இறால் கொம்பு குத்துறது தினப்படி. ஒவ்வொரு தடவையும் ஊசி போட முடியுமா சார்?

முடியாது, தேவையும் இல்ல. மூணு டோஸ் ஒரு தடவை முறையா முடிச்சிட்டு பத்து வருஷத்துக்கு ஒரு பூஸ்டர் போட்டுக்கிட்டா தினப்படி குத்துக்கு டெட்டனஸ் பத்தி கவலப்பட வேண்டாம், ஆழமா ஏறினா மட்டும் தேதிய பாருங்க. சீழ் பிடிக்கிறது தனி கதை, அதுக்கு டிடி உதவாது. கை வீங்கி காய்ச்சல் அடிச்சா லேட் பண்ணாம காட்டிடுங்க, மீன் முள்ளு குத்துல வர்ற வேற கிருமிங்க ரொம்ப வேகமா பரவும்.

வெட்டுக்காயத்துல காப்பித்தூளோ மஞ்சளோ வச்சு கட்டினா டெட்டனஸ் வராதுன்னு பாட்டி சொல்வாங்க. உண்மையா? (மயிலாப்பூர்)

காப்பித்தூள ஃபில்டர்ல போடுங்க. காயத்துக்கு ஓடுற தண்ணியும் சோப்பும். பொடி எதையாவது வச்சு அடைச்சு கட்டுனா காத்து போகாத இடம் நாமளே பண்ணி குடுத்த மாதிரி ஆகிடும், சாணி, சாம்பல், மண்ணுன்னா கிருமியையும் சேர்த்தே வச்சு கட்டுறோம்.

டிஎன்பிஎஸ்சிக்கு படிக்கிறேன். 2015ல இந்தியா டெட்டனஸ ஒழிச்சிடுச்சுன்னு நோட்ஸ்ல இருக்கு. ஒழிச்சாச்சுன்னா இன்னும் ஏன் ஊசி? பெரியம்மை ஊசிய நிறுத்தின மாதிரி நிறுத்தலாமே? (அண்ணா நகர்)

நல்ல கேள்வி தம்பி, ஆனா நோட்ஸ்ல ஒரு பாதி விட்டுப்போச்சு. 2015ல இந்தியாவுக்கு கிடைச்ச சர்டிஃபிகேட் தாய்க்கும் பொறந்த குழந்தைக்கும் வர்ற டெட்டனஸுக்கு மட்டும். அதுவும் பூஜ்யம்னு அர்த்தம் இல்ல, நாட்டுல இருக்குற ஒவ்வொரு மாவட்டத்துலயும் உயிரோட பொறக்குற 1000 குழந்தைங்கள்ல ஒண்ணுக்கும் கம்மியா கேஸ் இருக்கணும், அது தான் உலக சுகாதார நிறுவனத்தோட அளவுகோல். 2003லயே ஆந்திரா இத தாண்டிடுச்சு, நாகாலாந்து கடைசியா வந்து 2015ல மொத்த நாடும் முடிச்சது. பரிட்சைல கேட்டா இப்படி எழுதுங்க.

ஆனா இத சாதாரணமா நினைக்காதீங்க. 1980கள்ல இந்தியால மட்டும் வருஷத்துக்கு ஒன்றரை லட்சத்துலேருந்து ரெண்டு லட்சம் பச்ச குழந்தைங்களுக்கு இது வந்துச்சு. உலக அளவுல 1988ல செத்த குழந்தைங்க 7,87,000ன்னு மதிப்பீடு, அதுவே 2018ல 25,000. வீட்டுல பிரசவம், அரிவாள்லயோ பழைய பிளேடுலயோ தொப்புள்கொடிய அறுக்குறது, அது மேல சாணி சாம்பல் வைக்கிறது, அம்மாவுக்கு ஊசி கிடையாது. நல்லா பால் குடிச்சிட்டு இருந்த குழந்தை மூணாம் நாளோ ஏழாம் நாளோ திடீர்னு வாய திறக்க முடியாம, தொட்டாலே வெட்டி வெட்டி இழுத்து போயிடும். பேய் புடிச்சிடுச்சு, தோஷம்னு சொல்லி புதைச்சிட்டு வந்தவங்க எத்தனையோ பேர், ஆஸ்பத்திரி கணக்குல வராத சாவு தான் அதுல அதிகம்.

இத மாத்துனது ரெண்டு விஷயம். ஒண்ணு கர்ப்பிணிகளுக்கு ஊசி. இன்னொண்ணு ஆஸ்பத்திரி பிரசவம். தேசிய குடும்ப நல சர்வேல 2005-06ல நாடு முழுக்க 39 சதவீதம் பிரசவம் தான் ஆஸ்பத்திரில நடந்துச்சு, 2019-21 சர்வேல அது 89 சதவீதம். தமிழ்நாட்டுல கிட்டத்தட்ட எல்லா பிரசவமும் ஆஸ்பத்திரில தான். ஊசிய பத்தி மட்டும் பேசுறவங்க இந்த ரெண்டாவது பாதிய மறந்துடுறாங்க, சுத்தமான கத்தியும் கழுவின கையும் ஊசிக்கு சமமா வேலை பாத்திருக்கு.

இப்போ உங்க பெரியம்மை கேள்வி. பெரியம்மை மனுஷங்ககிட்ட மட்டும் இருந்த நோய், கடைசி மனுஷன் வரைக்கும் தடுத்ததும் வைரஸுக்கு போக்கிடம் இல்லாம போச்சு. டெட்டனஸ் மனுஷன்கிட்டேருந்து மனுஷனுக்கு ஒட்டவே ஒட்டாது, மண்ணுல இருக்கு. மண்ணுக்கு ஊசி போட முடியுமா? இதுல இன்னொரு சிக்கலும் இருக்கு. தட்டம்மைன்னா சுத்தி இருக்குற எல்லாரும் ஊசி போட்டிருந்தா போடாத ஒருத்தரும் தப்பிச்சிக்கலாம். டெட்டனஸ்ல அந்த சலுகை கிடையாது, அபார்ட்மென்ட்ல 99 வீடு போட்டாலும் போடாத நூறாவது வீட்டுக்கு ஒரு பாதுகாப்பும் இல்ல. அவங்கவங்க ஊசி அவங்கவங்களுக்கு.

அதனால தான் தடுப்பூசி நல்லா பரவுன நாடுகள்ல இந்த நோய் குழந்தைங்கள விட்டுட்டு வயசானவங்க பக்கம் போயிடுச்சு. அமெரிக்கால 1940களோட கடைசில வருஷத்துக்கு 500, 600 கேஸ் வந்துட்டு இருந்துச்சு, இப்போ சுமார் 30 தான், அதுலயும் வயசானவங்களுக்கு தான் ஆபத்து அதிகம். ஜப்பான்ல 1968ல தான் குழந்தைங்களுக்கு வழக்கமா போட ஆரம்பிச்சாங்க, அதுக்கு முன்னாடி பொறந்தவங்க தான் அங்க இன்னிக்கும் வருஷத்துக்கு நூறு கேஸ் கிட்ட வர்றதுல பெரும்பாலும். நம்ம திட்டத்த பாருங்க, பச்ச குழந்தை, அஞ்சு வயசு, 10, 16, அப்புறம் கர்ப்பிணி. 16 வயசுக்கு மேல ஆம்பளைங்களுக்கு அதுல ஒரு டோஸ் கூட கிடையாது. நாலு குழந்தை பெத்த பாட்டிக்கு புண்ணியத்துல நாலஞ்சு ஊசியாவது விழுந்திருக்கும், பக்கத்துல உக்காந்திருக்குற தாத்தாவுக்கு ஒண்ணும் இருக்காது. பெரம்பூர் சார் கேஸ் அது தான். பெரியவங்க பூஸ்டரையும் ஏதாவது ஒரு திட்டத்துல சேக்கணும், பிபி சுகர் மாத்திரை வாங்க மாசா மாசம் வர்றவங்களுக்கு அங்கேயே கேட்டு போட்டுவிட்டா என்ன குறைஞ்சிடும்னு எனக்கு தோணும்.

எங்க தாத்தாவுக்கு முப்பது வருஷம் முன்னாடி ரணஜன்னி வந்து பொழச்சு வந்தாரு. ஒரு தடவை வந்தா திரும்ப வராதுன்னு ஊசி வேண்டாம்ங்கிறாரு.

திரும்ப வரும். உயிரை எடுக்குற அளவு விஷம்னா கூட ரொம்ப ரொம்ப கம்மி அளவு தான், அத வச்சு உடம்பு எதிர்ப்பு சக்தி உண்டாக்காது. பொழச்சவங்களுக்கும் முழுசா மூணு டோஸ் போடணும். தாத்தா கெட்டி ஆளு தான், ஒரு தடவை ஜெயிச்சதோட போதும்னு சொல்லுங்க.

மூணாவது மாசம். சுகாதார நிலையத்துல நர்ஸ் அக்கா டிடி போட்டாங்க, ஒரு மாசம் கழிச்சு இன்னொண்ணுன்னு சொன்னாங்க. ஸ்கேன் எடுக்குற பிரைவேட் ஆஸ்பத்திரில டிடாப் போடணும்ங்கிறாங்க. எது சரி? எங்கம்மா காலத்து ஊசியும் இதுவும் ஒண்ணா? (ராயபுரம்)

ரெண்டும் சரிம்மா. அம்மா காலத்து டிடில டெட்டனஸ் மட்டும் தான். 2019லேருந்து நம்ம திட்டத்துல அதோட டிப்தீரியாவும் கொஞ்சமா சேர்த்து குடுக்குறாங்க, ஏன்னா தொண்டை அடைப்பானுக்கு சின்ன வயசுல போட்ட ஊசியோட சக்தி வயசாக வயசாக குறைஞ்சு, பெரிய பசங்களுக்கும் பெரியவங்களுக்கும் அது வர ஆரம்பிச்சுடுச்சு. எழுத்துல பழசு TT, புதுசு Td, காதுக்கு ரெண்டும் டிடி தான், குழம்பாதீங்க. முதல் கர்ப்பம்னா தெரிஞ்ச உடனே ஒண்ணு, நாலு வாரம் கழிச்சு ஒண்ணு. போன கர்ப்பத்துல ரெண்டு போட்டு மூணு வருஷத்துக்குள்ள மறுபடியும்னா ஒரு பூஸ்டர் போதும். உங்க உடம்புல உண்டாகுற எதிர்ப்பு சக்தி நஞ்சுக்கொடி வழியா குழந்தைக்கு போயிடும், பொறந்த குழந்தைக்கு முதல் ஊசி போடுற ஒன்றரை மாசம் வரைக்கும் அது தான் காவல்.

டிடாப்ல கக்குவான் இருமலும் சேர்த்து இருக்கு, பச்ச குழந்தைக்கு கக்குவான் வந்தா ரொம்ப ஆபத்து, அதனால 27லேருந்து 36 வாரத்துக்குள்ள போடச் சொல்வாங்க. காசு இருந்தா போடலாம், நல்லது தான். ரெண்டு எடத்துலயும் தனித்தனியா போட்டு கூட்டிடாம, அட்டைய ரெண்டு பேருக்கும் காட்டி, இது அந்த ரெண்டாவது டோஸுக்கு பதிலா ஆகுமான்னு கேட்டுக்கோங்க.

வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுறாரு, பத்து வருஷமா சுகர். கால்ல புண்ணு ஆறாம இருக்கு. காயமே படல, தானா வந்த புண்ணு, இதுக்கு எதுக்கு டிடின்னு கேக்குறாரு. (சைதாப்பேட்டை)

சுகர் புண்ணும் டெட்டனஸுக்கு வாசல் தான். ரத்த ஓட்டம் கம்மி, உள்ள செத்த சதை, ரோட்டு தூசி, அந்த கிருமிக்கு வேற என்ன வேணும். ஆணியே குத்தியிருந்தாலும் கால் மரத்து போயிருந்தா அவருக்கு தெரிஞ்சிருக்காது. டிடி கணக்கு தெரியலன்னா மூணு டோஸ ஆரம்பிச்சிடுங்க, டிஐஜி வேணுமான்னு புண்ண பாக்குற டாக்டர் சொல்லட்டும். ஊசிய விட முக்கியம் புண்ணுல இருக்குற செத்த சதைய எடுக்குறது.

மூணு நாள் முன்னாடி ஸ்டேப்ளர் பின் குத்திச்சு. இன்னிக்கு தாடை வலிக்குது. நெட்ல பாத்தேன், டெட்டனஸ்ல தாடை பூட்டிக்கும், லாக்ஜான்னு போட்டிருக்கு. பயமா இருக்கு சார். வயசு 24, சின்ன வயசுல எல்லா ஊசியும் போட்டாங்கன்னு அம்மா சொல்றாங்க.

ஸ்கூல்ல பத்தாவது படிக்கும்போது ஊசி போட்டிருந்தா உங்களுக்கு வாய்ப்பு ரொம்ப ரொம்ப கம்மி தம்பி, 24 வயசுல தாடை வலின்னா கடவாப்பல்லு முளைக்குதான்னு தான் முதல்ல பாப்பேன். டெட்டனஸ்ல வலிய விட இறுக்கம் தான் முதல்ல வரும், வாய மூணு விரல் அளவு திறக்க முடியாது, முழுங்க கஷ்டம், அப்புறம் கழுத்து, முதுகு, வயிறு பலகை மாதிரி இறுகும், கதவு சாத்துற சத்தத்துக்கும் லைட்ட போட்டாலும் உடம்பு வெட்டி இழுக்கும், இத்தனைக்கும் நினைவு தெளிவா இருக்கும், அது தான் இந்த நோயோட கொடுமை. வாய திறக்க முடியலன்னா நெட்ட மூடிட்டு அந்த நிமிஷமே எமர்ஜென்சிக்கு போங்க. வந்துட்டா இருட்டு ரூம், வென்டிலேட்டர், வாரக்கணக்கா ஐசியு, அவ்வளவு பண்ணியும் பத்துல ஒண்ணு ரெண்டு பேர் போயிடுறாங்க.

முடிச்சூர் பக்கம் வருஷா வருஷம் வீட்டுக்குள்ள தண்ணி. மழைக்கு முன்னாடி தெருவுல எல்லாருக்கும் கேம்ப் போட்டு டிடி போடலாமா?

தண்ணில நடந்தா மட்டும் டெட்டனஸ் வராது, தண்ணிக்குள்ள தெரியாம கெடக்குற தகரம், கண்ணாடி, கம்பி கிழிச்சா தான். 2004 சுனாமிக்கு அப்புறம் இந்தோனேஷியால ஆச்சே பகுதில ஒரு மாசத்துக்குள்ள 106 பேருக்கு டெட்டனஸ் வந்து 20 பேர் செத்தாங்க, பெரிய பெரிய காயம், கழுவ ஆள் இல்ல, ஊசி போட்டவங்களும் கம்மி. அதனால தெருவுக்கே கேம்ப் வேண்டாம், தண்ணில இறங்கி ஆள தூக்குற பசங்க, துப்புரவு பணியாளருங்க, அம்பது தாண்டினவங்க, இவங்க லிஸ்ட்ட எடுத்து மழைக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே ஆரம்பிங்க, அப்போ தான் ரெண்டு டோஸாவது உள்ள போகும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல முன்னாடியே பேசி வைங்க, புதன்கிழமை குழந்தைங்க தடுப்பூசி நாள், கூட்டம் இருக்கும், வேற நாள் கேளுங்க. அப்புறம் போட்ட தேதிய எல்லாரும் செல்போன்லயாவது போட்டோ எடுத்து வைக்கட்டும்.

டிடி போட்ட அன்னிக்கு தலைக்கு குளிக்கலாமா? மீன் குழம்பு சாப்பிடலாமா? (நாலஞ்சு பேர் கேட்டிருக்காங்க)

குளிக்கலாம், சாப்பிடலாம். போட்ட எடத்த தேய்க்காதீங்க, ரெண்டு நாள் வலிக்கும்.